கவலை வந்தால் வயிறு ஏன் கலங்குகிறது?



நம்மவர்கள் பேசும் பேச்சைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். கெட்ட சேதி வந்தால் "வயித்துல புளியக் கரைச்ச மாதிரி இருக்கு" என்கிறோம். நல்ல சேதி கொண்டு வந்தவரிடம் "வயித்துல பால வார்த்தீங்க" என்கிறோம். பிள்ளை கெட்டுப் போனால் "பெத்த வயிறு பத்தி எரியுது" என்று தாய் அழுகிறாள். அடுத்தவன் வாழ்வைப் பார்த்துப் பொறுக்காதவனுக்கு "வயிற்றெரிச்சல்" என்று பெயர் வைத்திருக்கிறோம். பயமும் துக்கமும் பொறாமையும் மனத்தில் உண்டாகிறவை. அவற்றை ஏன் வயிற்றில் வைத்துப் பேசுகிறோம்? நம் முன்னோர் பட்டு அறிந்துதான் அப்படிச் சொன்னார்கள். இன்று மருத்துவ ஆய்வாளர்கள் சொல்வதும் ஏறக்குறைய அதேதான். மனமும் வயிறும் ஒன்றோடு ஒன்று நரம்பால் பிணைக்கப்பட்டவை. ஒன்று கெட்டால் மற்றது சும்மா இருக்காது.

இதுவே இந்த மாதப் பாடம்.

"கேஸ்டிரிக்" என்ற ஒரே பெயர்

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். எந்தத் தோட்டத்திலும் இருக்கக்கூடிய வீடுதான். அந்த வீட்டு அக்காவுக்கு நாற்பது வயது. செம்பனைக் காட்டில் உரம் போடும் வேலை. விடியற்காலையில் பிரட்டுக்குக் கிளம்பும்போதே வயிறு முறுக்கும். இரண்டு மூன்று தடவை கக்கூசுக்கு ஓடுவார். காட்டில் கக்கூஸ் கிடையாது. "நடுக்காட்டுல வந்துட்டா என்னா பண்றது?" என்ற பயத்தில் காலையில் ஒன்றும் சாப்பிடுவதில்லை. ஒரு குவளை கோப்பி ஓ, அவ்வளவுதான். பத்து மணிக்குள் வயிறு உப்பி, நெஞ்சு படபடத்து, கை நடுங்க ஆரம்பித்துவிடும்.

வீட்டுக்கு வந்தால் கோடாலித் தைலம். கடையில் வாங்கிய கேஸ்டிரிக் மாத்திரை. கிளினிக்குக்கும் போனார். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஸ்கேன் செய்தார்கள். "ஒன்றும் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். "ஒண்ணும் இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு, இவதான் வேலைக்குப் போகாம இருக்க நோவுங்கறா" என்று வீட்டில் பேச்சு. "யாரோ செய்வினை வெச்சிருக்காங்க" என்று பக்கத்து வீட்டில் பேச்சு. மகன் வாங்கிய மோட்டார்சைக்கிள் தவணை, தோட்டம் கைமாறப் போகிறது என்ற வதந்தி, வீட்டைக் காலி செய்யச் சொன்னால் எங்கே போவது என்ற நினைப்பு ஆகியவை அக்காவை இரவெல்லாம் அரித்துக்கொண்டிருந்தன. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வயிற்று நோவுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டென்று அவருக்கே தெரியாததால் அவரும் சொல்லவில்லை.

தோழர்களே, "ஒன்றும் இல்லை" என்று டாக்டர் சொன்னால் புண்ணோ கட்டியோ தென்படவில்லை என்று பொருள். வலி பொய் என்று பொருள் அல்ல. அக்காவின் வலி உண்மையான வலி. எப்படி என்று பார்ப்போம்.

வயிற்றுக்குள் ஒரு நரம்புக் கூட்டம்

உணவுக்குழாய் தொடங்கி ஆசனவாய் வரை உள்ள குடல் சுவருக்குள் 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பு அணுக்கள் இருக்கின்றன. எதை அரைப்பது, எதைத் தள்ளுவது, எப்போது நீர் சுரப்பது என்பதைப் பெரும்பாலும் அவையே பார்த்துக்கொள்கின்றன. இதனால்தான் ஆய்வாளர் சிலர் குடலை "இரண்டாவது மூளை" என்று அழைக்கிறார்கள். தலையில் உள்ள மூளைக்கும் இந்தக் கூட்டத்துக்கும் நடுவே ஓடும் பெரிய கம்பியின் பெயர் வேகஸ் நரம்பு.

தோட்டத்து ஆபீசையும் காட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆபீசிலிருந்து உத்தரவு காட்டுக்குப் போகிறது என்றுதான் நாம் எண்ணுகிறோம். ஆனால் இந்த நரம்பில் காட்டிலிருந்து ஆபீசுக்கு வரும் சேதிதான் அதிகம். அதன் இழைகளில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு, உடம்பிலிருந்து மூளைக்குச் சேதி கொண்டு போகிறவை. ஆகவே வயிறு ஓயாமல் மூளையிடம் பேசிக்கொண்டே இருக்கிறது.

பயம் வந்தால் என்ன நடக்கிறது? செம்பனைத் தூரில் நாகம் படமெடுத்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நொடியில் உடம்பு "ஓடு, இல்லாவிட்டால் அடி" என்று ஆயத்தமாகிறது. நெஞ்சு வேகமாய் அடிக்கிறது. குடலுக்குப் போகும் இரத்தம் குறைந்து கைகால் தசைகளுக்குப் பாய்கிறது. இரைப்பையின் வேலை மந்தமாகிறது, பசி போய்விடுகிறது. பெருங்குடலோ வேகம் பிடிக்கிறது. அதனால்தான் பயத்தில் "வயித்தக் கலக்குது". பாம்பு போய்விட்டால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் கடன் தவணையும் வீட்டுப் பிரச்சினையும் பாம்பைப்போல் புதருக்குள் போய் மறைவதில்லை. நாள் முழுதும், மாதம் முழுதும் உடம்பு அதே ஆயத்தத்தில் நிற்கிறது. குடல் நரம்புகள் கூச்சம் கண்டு போகின்றன. மற்றவருக்குத் தெரியாத சிறு காற்றுகூட அவருக்கு வலியாகத் தெரிகிறது.

இதை முதலில் கண்ணால் பார்க்க உதவியவரும் ஒரு கூலித் தொழிலாளிதான். 1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் மக்கினாக் தீவில், தோல் வியாபாரக் கம்பெனியில் வேலை செய்த அலெக்சி செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞரின் வயிற்றில் தவறுதலாகத் துப்பாக்கி வெடித்துவிட்டது. பிழைத்துக்கொண்டார். ஆனால் வயிற்றில் பட்ட ஓட்டை மூடவே இல்லை. அவருக்கு வைத்தியம் செய்த இராணுவ டாக்டர் வில்லியம் போமண்ட் அந்த ஓட்டை வழியாக இரைப்பையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1833இல் புத்தகமாக வெளியிட்டார். அவர் குறித்தவற்றுள் ஒன்று: அந்தத் தொழிலாளி கோபப்பட்டாலோ மனம் கலங்கினாலோ செரிமானம் கெட்டது. நம் ஆயாமார்கள் "சாப்பிடற நேரத்துல சண்ட போடாதீங்க" என்று சொன்னது சும்மா இல்லை.

கவலை முந்தியா, வயிறு முந்தியா?

இரண்டும் நடக்கும். ஆஸ்திரேலியாவில் ஒரு வட்டார மக்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். தொடக்கத்தில் வயிறு நன்றாக இருந்து மனக்கவலை அதிகம் இருந்தவர்களுக்குப் பின்னாளில் வயிற்றுக் கோளாறு வருவது கூடியது. தொடக்கத்தில் கவலை இல்லாமல் வயிற்றுக் கோளாறு மட்டும் இருந்தவர்களிடம் பின்னாளில் கவலையும் சோர்வும் கூடின. பாதை இருபக்கமும் திறந்திருக்கிறது என்பது இதனால் தெரிகிறது.

நம் அக்காவின் கதையும் அதுதான். கவலையால் வயிறு கலங்குகிறது. கலங்கும் வயிற்றை நினைத்துக் காட்டுக்குப் போகப் பயம். பயத்தால் மேலும் கலக்கம். செக்குமாடு சுற்றுவது போல் இது சுற்றிக்கொண்டே இருக்கும். புண்ணோ வேறு நோயோ இல்லாமல், வயிற்று வலியோடு வயிற்றுப்போக்கோ மலச்சிக்கலோ மாறி மாறி நீண்ட நாள் வந்தால் அதற்கு டாக்டர்கள் ஐ.பி.எஸ். என்று பெயர் சொல்வார்கள். உலகில் எந்த நாட்டில் கணக்கெடுத்தாலும் இது அபூர்வ நோய் அல்ல. அவர்களில் பலருக்கு மனப்பதற்றமும் கூடவே இருக்கிறது.

எல்லாவற்றையும் கவலைமேல் போட்டுவிடாதீர்கள்

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரு காலத்தில் குடல்புண் வந்தால் "கவலைப்பட்டதால் வந்தது" என்று டாக்டர்களே சொன்னார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த வாரன், மார்ஷல் என்ற இரண்டு டாக்டர்கள், ஹெலிக்கோபாக்டர் பைலோரி என்ற கிருமி பலருடைய குடல்புண்ணுக்குக் காரணம் என்று காட்டினார்கள். யாரும் நம்பாததால் மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தாமே குடித்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கிருமி நம் நாட்டில் மலாய்க்காரர்களைவிட இந்தியரிடமும் சீனரிடமும் அதிகம் காணப்படுகிறது. கண்டுபிடித்தால் மருந்தால் ஒழித்துவிடலாம். ஆகவே மேல்வயிற்று எரிச்சல் விடாமல் இருந்தால், "இந்தக் கிருமிக்குப் பரிசோதனை வேண்டுமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொன்று: குலை வெட்டி, உரம் சுமந்து முதுகு நோகிறவர்கள் பொன்ஸ்தான் போன்ற வலி மாத்திரைகளைத் தினமும் விழுங்குகிறார்கள். அவை இரைப்பையைப் புண்ணாக்கக்கூடியவை. அப்படிச் சாப்பிடுவதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

கீழ்க்காண்பவற்றுள் ஒன்று இருந்தாலும் "கவலைதான்" என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். உடனே டாக்டரைப் பாருங்கள்:

- மலத்தில் இரத்தம், அல்லது தார் போன்ற கறுப்பு மலம்
- காரணம் இல்லாமல் உடல் எடை குறைதல்
- தூக்கத்தை எழுப்பிவிடும் வலி அல்லது வயிற்றுப்போக்கு
- விழுங்கச் சிரமம், விடாத வாந்தி, காய்ச்சல், இரத்தச் சோகை
- 50 வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கிய வயிற்றுக் கோளாறு
- குடும்பத்தில் குடல் புற்றுநோய் இருந்திருத்தல்

நெஞ்சை அழுத்தும் வலி, இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை வந்தால் "கேஸ்டிரிக்" என்று தைலம் தடவிக்கொண்டு படுக்காதீர்கள். மாரடைப்பாக இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு சில சமயம் வெறும் மேல்வயிற்று எரிச்சல் போலவே வரும். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்; 999க்குக் கூப்பிடுங்கள்.

குடலில் வாழும் கிருமிகள்

நம் குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நமக்கு உதவியாளர்கள். நாம் செரிக்க முடியாத நாரைத் தின்று, குடலுக்கு நன்மை தரும் பொருள்களை உண்டாக்குகின்றன. இவற்றுக்கும் மனத்துக்கும் தொடர்பு உண்டா?

2004இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் குடல் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளைச் சோதித்தார்கள். நெருக்கடி வந்தபோது அவற்றின் உடலில் பதற்றச் சுரப்பு மற்ற எலிகளைவிட அதிகமாக ஏறியது. 2011இல் அயர்லாந்தில், ஒருவகை நல்ல கிருமியைத் தின்ற எலிகளுக்குப் பயம் குறைந்தது. வேகஸ் நரம்பை வெட்டிவிட்டால் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே தொடர்பு இருக்கிறது.

ஆனால் அதே கிருமியை நல்ல உடல்நலமுள்ள 29 ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, வெற்று மாத்திரையைவிட அதிகப் பலன் காணப்படவில்லை. இது 2017இல் வெளியானது. எலிக்குக் கேட்டது மனிதனுக்குக் கேட்கும் என்று சொல்வதற்கில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், வாசலுக்கு வந்து "இந்தப் பவுடர் குடித்தால் குடலும் சுத்தம், மனக்கவலையும் தீரும்" என்று நூறு இருநூறு வெள்ளிக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். நம் வியர்வைக் காசை அதில் கொட்ட வேண்டாம். குடலுக்கு நல்லது நம் வீட்டு அடுப்பங்கரையிலேயே இருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

1. வெறும் வயிற்றில் கோப்பி வேண்டாம். கோப்பி பெருங்குடலைத் தட்டி எழுப்பும், படபடப்பையும் கூட்டும். முதலில் இரண்டு வாய் கஞ்சியோ ஒரு வாழைப்பழமோ உள்ளே போகட்டும். கொஞ்சம் சீக்கிரம் எழுந்து, சாப்பிட்டு, கக்கூசுக்குப் போய்விட்டுக் கிளம்பினால் குடலும் அந்த நேரத்துக்குப் பழகிக்கொள்ளும்.

2. நார் உள்ளவற்றைச் சேருங்கள். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 25 கிராம் நாரும், 400 கிராம் காய்கறி பழங்களும் வேண்டும் என்கிறது. வீட்டோரத்து முருங்கைக்கீரை, கங்கோங், பப்பாளி, பருப்பு, பயறு எல்லாம் இதில் அடங்கும். ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும். மெல்ல மெல்லக் கூட்டுங்கள். வெங்காயம், அவரை வகை, பால் போன்றவை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. எதைச் சாப்பிட்டால் தொல்லை என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்துப் பாருங்கள்.

3. மோர், தயிர் நல்லது. 2021இல் அமெரிக்காவில் 36 பேரை வைத்துச் செய்த சோதனையில், புளித்த உணவுகளை 10 வாரம் கூட்டிச் சாப்பிட்டவர்களின் குடலில் நல்ல கிருமிகளின் வகை பெருகியது. நம் பழைய சோறும் புளித்த உணவே. சுத்தமான பாத்திரத்தில், கொதித்து ஆறிய நீர் ஊற்றி, மூடி வையுங்கள். வாடை கெட்டால் கொட்டிவிடுங்கள். "கள்ளும் புளிச்சதுதானே அண்ணே" என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்! கள்ளும் சம்சுவும் அன்றிரவு கவலையை மறக்கடிக்கும். மறுநாள் காலையில் படபடப்பையும் வயிற்றெரிச்சலையும் வட்டியோடு கொண்டு வரும்.

4. மூச்சுப் பழக்கம். உட்கார்ந்து ஒரு கையை வயிற்றின்மேல் வையுங்கள். வயிறு எழும்பும்படி நாலு எண்ணி மூச்சை இழுங்கள். ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். மூச்சை நீட்டி விடும்போது வேகஸ் நரம்பு நெஞ்சின் வேகத்தைக் குறைக்கிறது. பிரட்டுக்குப் போகும் முன்னும் படுக்கும் முன்னும் செய்யுங்கள். காசு செலவில்லாத மருந்து.

5. கவலையை வாய்விட்டுச் சொல்லுங்கள். கடனோ வீட்டுப் பிரச்சினையோ, கணவன் மனைவி உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினாலே பாதிப் பாரம் இறங்கும். பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். பரீட்சை நாளில், பள்ளிக்கூடம் திறக்கும் நாளில் "அம்மா, வயிறு வலிக்குது" என்று அழும் பிள்ளையைப் பொய் சொல்கிறான் என்று அடிக்காதீர்கள். பள்ளியில் என்ன நடந்தது என்று தட்டிக்கொடுத்துக் கேளுங்கள்.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

"கேஸ்டிரிக் டாக்டர்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் கேஸ்டிரிக் மருந்துதான் கிடைக்கும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "டாக்டர், மூணு மாசமா வயிறு சரியில்ல. வேலைக்குக் கிளம்பும்போது அதிகம். நெஞ்சு படபடங்குது, ராத்திரி தூக்கமில்ல. மனசுல கவலயும் இருக்கு." இந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். அரசாங்க கிளினிக்குகளில் மனநிலையை அறிய 21 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு, கேட்டு வாங்கலாம். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 வெள்ளிதான்.

சில சமயம் டாக்டர் மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரையைச் சிறு அளவில் எழுதுவார். "எனக்கென்ன பைத்தியமா?" என்று தூக்கி எறியாதீர்கள். 2023இல் இங்கிலாந்தில் 463 நோயாளிகளை வைத்துச் செய்த சோதனையில், ஒரு பிரிவினருக்கு அமிட்ரிப்டிலின் என்ற பழைய மனச்சோர்வு மருந்தைச் சிறு அளவில் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அவர்களுக்கு ஐ.பி.எஸ். தொல்லை நன்றாகக் குறைந்தது. குடலுக்கும் மூளைக்கும் நடுவே ஓடும் வலிச் சேதியை அது தணிக்கிறது. பேச்சின் மூலம் செய்யும் மனநல சிகிச்சையும் பலருக்கு வயிற்றைச் சரிப்படுத்துகிறது. டாக்டர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

வாழ்க்கையே வேண்டாம் என்ற நினைப்பு வந்தால் ஒரு நாளும் தனியே இருக்காதீர்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணுக்கோ, பிஃபிரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்ற எண்ணுக்கோ போன் செய்து பேசுங்கள்.

வேலையிடமும் நம் சங்கமும்

"எம்.சி. எடுத்தா பேரு கெட்டுடும்" என்று நோயை மூடி மறைப்பவர்கள் உண்டு. தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு தந்திருக்கிறது. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டில் 14 நாள். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் 22 நாள். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மறந்துவிடாதீர்கள்.

காட்டில் கக்கூஸ் இல்லாததால் சாப்பிடாமலும் தண்ணீர் குடிக்காமலும் வேலை செய்யும் பெண்கள் எத்தனை பேர்! இதை வெட்கப்பட்டு மறைக்கும் சங்கதியாக எண்ணக் கூடாது. இது வேலையிடச் சுகாதாரப் பிரச்சினை. 40 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு இருக்க வேண்டும் என்பது 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டம். அந்தக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதியும் உண்டு. அவர்மூலம் இதை எழுதிக் கொடுங்கள். மனப்பயிற்சியும் மோரும் செய்யாததை, காட்டோரம் கட்டிய ஒரு கக்கூஸ் சில பெண்களுக்குச் செய்துவிடும்.

இந்தப் பாடத்தைப் படித்த பின் வீட்டில் மூன்று கேள்விகளைப் பேசிப் பாருங்கள். நம் வீட்டில் அடிக்கடி வயிறு நோகிறவர் யார்? எந்த நாளில், எந்த நேரத்தில் அதிகம்? அவர் மனத்தில் இருப்பதை நாம் எப்போதாவது கேட்டிருக்கிறோமா?

கேளுங்கள். அவர் வயிற்றில் கொஞ்சம் பால் வார்த்தது போல இருக்கும்.